முக்கால் பங்கு

சீனிப்பிள்ளை மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே அங்குள்ளவர்களை அலகாக மாற்றிவிடுவார். வயல் வட்டைக்குப் போய் உழைக்கும் அப்பா ஒன்றேகால், அம்மா ஒன்று, பதினாறு ஆகாத மூத்தவன் முக்கால், கடைசிச் சின்னது அரை. ஆக மூன்றரை அலகு. அலகுக்கு நானூறு கிராம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு கிலோ நானூறு கிராம் அரிசி. இதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் புறப்படும்போது அந்த வீட்டில் அரிசி போதுமா போதாதா என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், வவுணதீவில் வேலப்போடியின் மகளாகப் பிறந்தவர். போடியார் என்றால் பெரிய நிலக்காரர் என்று நினைக்க வேண்டாம். பெயரில்தான் போடி இருந்தது, வட்டையில் இருந்தது மூன்றே ஏக்கர். மகள் மனைப்பொருளியல் ஆசிரியையாகப் பயிற்சிக்குப் போகப் போவதாகச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"சமைக்கப் படிக்கவோ புள்ள பட்டணம் போறாய்? அதக் கொம்மா சும்மா படிப்பிப்பாளே."

ஆனாலும் அனுப்பினார். சீனிப்பிள்ளை படித்தார், பத்து வருடம் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தார். கலியாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் போனது. மூன்றாவது முறை வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் என்று கேட்டு அவர் கணக்குப் போட்டுப் பார்த்து மாட்டேன் என்றதாக ஊரில் ஒரு பகிடி உண்டு. பகிடிதான், உண்மையாகவும் இருக்கலாம்.

எண்பத்து மூன்றில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியைகளுக்கும் கிராமத்துப் பெண் உத்தியோகத்தருக்குமாக ஒரு வருட மனைப்பொருளியல் டிப்ளோமா தொடங்கினார்கள். அதற்குப் போதனாசிரியராகச் சீனிப்பிள்ளை போனார். கொடுத்தது மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு அறை. ஒன்றில் தையல் மெசின் நான்கு, மற்றதில் அடுப்பு ஐந்து. முதல் வருடம் ஆறு மாணவிகள். மண்ணியல் படிப்பித்த நல்லரத்தினம் சேர் தினமும் அந்த வழியால் போகும்போது தலையை நீட்டுவார்.

"மிஸ், இண்டைக்கு என்ன ஆராய்ச்சி? கத்தரிக்காயோ, முருங்கக்காயோ?"

ஆராய்ச்சி முடிவைச் சாப்பிட்டுப் பார்க்க முதல் ஆளாகக் கோப்பையோடு வந்து நின்றவரும் அவர்தான். அடுப்படிக்கும் ஒரு பட்டமா என்று கூட்டங்களில் கேட்டவர்கள் எல்லோரும் நல்ல சாப்பாட்டுக்காரர்கள். சீனிப்பிள்ளை அவர்களோடு வாய்கொடுப்பதில்லை. மாணவிகள் தொகை பதினெட்டாக ஏறியதும் ஒரு வீடு வேண்டும் என்று கேட்டு எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் வருடம் கிடைத்தது.

அதுதான் பயிற்சி வீடு. செங்கலடியில் பதுளை வீதியை விட்டுச் சற்று உள்ளே, நான்கு அறையும் நீண்ட விறாந்தையும் கொண்ட வாடகை வீடு. பக்கத்திலேயே ஒரு வெற்று நெல் களஞ்சியம். மாணவிகள் ஐந்து ஐந்து பேராக, படிப்புக் காலத்தில் இரண்டு முறை, மூன்று மூன்று வாரம் அங்கே ஒரு குடும்பமாக இருக்க வேண்டும். ஒருத்தி வீட்டை நடத்துவாள், ஒருத்தி சமைப்பாள், ஒருத்தி துப்புரவு. வாரம் மாற வேலையும் மாறும். எல்லாவற்றையும் நாட்புத்தகத்தில் எழுத வேண்டும். யார் சாப்பிட்டார், வயது என்ன, எத்தனை அலகு, எவ்வளவு மிஞ்சியது. பங்குப் பட்டியலைக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். ஒளித்து வைத்த பட்டியல்தான் குடும்பத்தில் சண்டையைக் கொண்டுவரும் என்பது சீனிப்பிள்ளையின் பாடம். பங்கு போதாத நாளில் யாருக்கு முதலில் என்பதும் பாடத்தில் இருந்தது. சின்னதுகளுக்கு முதல், பிறகு பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, பிறகு மற்றவர்களுக்கு.

எண்பத்தொன்பதில் வந்த மாணவிகளில் ஒருத்தி புஸ்பம். வாகரைக்கு அப்பால் கடலும் சேனைப் பயிருமாகப் பிழைக்கும் குடும்பம். தகப்பன் இல்லை. தாய் ஆச்சிப்பிள்ளை, ஒரே ஒரு தம்பி. பயிற்சி வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டாரில் ஒருவரை விருந்துக்குக் கூப்பிடலாம். புஸ்பம் தம்பியைக் கூப்பிட்டாள். யோகராசா மூன்று பஸ் ஏறி, தலையில் எண்ணெய் வழிய வந்து சேர்ந்தான். சோறு, இறால் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் எருமைத் தயிர். மூன்றாம் முறை சோறு கேட்டான். தமக்கை வெட்கத்தில் காலை மிதித்தாள். தயிர்ச் சட்டியை விரலால் வழித்துக்கொண்டே அவன் சீனிப்பிள்ளையிடம் கேட்டான்.

"இது வீடா மிஸ், பள்ளிக்கூடமா?"

"ரெண்டும்தான் மனே."

"அப்ப நானும் இஞ்ச படிக்க வாறன்."

அன்று பின்னேரம் புஸ்பம் நாட்புத்தகத்தில் எழுதினாள்: விருந்தினர், யோகராசா, ஆண், வயது பதினான்கு, முக்கால் அலகு. மிச்சம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். சீனிப்பிள்ளை வாசித்து, சிரித்து, கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கியது. பல்கலைக்கழகத்தை மூடினார்கள். பயிற்சி வீட்டில் அப்போது இருந்தது இரண்டாம் முறைக்கு வந்த புஸ்பத்தின் அணிதான், மூன்று வாரத்தில் எட்டு நாள் மிச்சம் இருந்தது. மற்ற நான்கு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். புஸ்பத்தால் போக முடியவில்லை, அவளுடைய ஊரே இங்கு வந்துகொண்டிருந்தது. தாயும் தம்பியும் ஒரு பாயும் ஒரு பானையுமாக வந்து சேர்ந்தார்கள். ஒரு கிழமைக்குள் வீட்டிலும் களஞ்சியத்திலுமாக அறுபத்திரண்டு குடும்பங்கள். பயிற்சி வீடு அகதி முகாமாகிவிட்டது.

சீனிப்பிள்ளை வீட்டுச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வவுணதீவுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பெரிய மனது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அறுபத்திரண்டு குடும்பம் சமைக்கிறது, அளக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நிவாரண அரிசி தருபவர்கள் ஆள் விவரம் கேட்டார்கள். சீனிப்பிள்ளை பட்டியல் போட்டார். பெயர், வயது, அலகு. வந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. இனி இதன்படியே அரிசி தருகிறோம், பதினெட்டுக்கு மேற்பட்ட ஆணுக்கு ஒன்றேகால், பதினாறுக்குக் கீழே முக்கால் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழு வருடமாகக் கரும்பலகையில் எழுதிய கணக்கு முதல் முறையாக அரிசியாக வந்து இறங்கியது. அன்று அவருக்குச் சந்தோசமாக இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சந்தோசம் பத்து நாள் இருந்தது. பிறகு பால் வற்றிய தாய்மார் வரத் தொடங்கினார்கள். கைப்பிள்ளைகள் பத்தொன்பது. கைப்பிள்ளைக்கு அரிசிப் பங்கு இல்லை, அது பால் குடிக்கும் என்பது விதி. பால்மா தருகிறோம் என்றார்கள், மா வரவில்லை. சீனிப்பிள்ளை இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். பிள்ளைகளின் அழுகை மெலிந்து, பிறகு சில பிள்ளைகள் அழுவதையே விட்டுவிட்டன. அவர் ஒரு முழுப் பின்னேரம் கணக்குப் போட்டார்.

முகாமில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் பதினொரு பேர் இருந்தார்கள். ஆளுக்கு முக்கால். அவர்களைப் பதினெட்டு என்று எழுதினால் ஆளுக்கு ஒன்றேகால். அரை அலகு கூடும். பதினொரு அரை, ஐந்தரை அலகு. இரண்டு கிலோ இருநூறு கிராம் அரிசி. பத்தொன்பது பிள்ளைகளுக்கு இரண்டு நேரக் கஞ்சி.

புதிய பட்டியலைத் தன் முத்தான கையெழுத்தில் எழுதினார். ஒரு பிரதியை நிவாரணத்துக்குக் கொடுத்தார். மற்றதைக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டினார். அதுதானே பாடம். அரிசி கூடி வந்தது, கஞ்சி காய்ந்தது. அழுவதை விட்ட பிள்ளைகள் மறுபடி அழத் தொடங்கின. எழுத்தை வாசித்தவர்கள் கண்டுகொண்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

புதிய பட்டியல் ஒட்டிய ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். இராணுவச் சீருடையில் முப்பது பேர் இருக்கும். யாரையும் அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவன் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றான். தமிழ் தெரிந்த ஒருத்தனைக் கூப்பிட்டான். பட்டியலைக் கிழியாமல் மெதுவாக எடுத்தார்கள்.

பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது வரையான ஆண்களின் பெயர் கூப்பிட்டார்கள். அவ்வளவு தெளிவான பட்டியல் அவர்களுக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

யோகராசா குசினிக்குப் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். பெயர் கேட்டதும் பள்ளிக்கூடத்தில் போல 'ஓம்' என்று எழும்பி வந்தான். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. ஆச்சிப்பிள்ளை ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ட பிள்ளைக்குப் பதினஞ்சு ஐயா, பதினஞ்சு, என்று கத்தினாள். தமிழ் தெரிந்தவன் பட்டியலைக் காட்டினான்.

"இஞ்ச பதினெட்டு எண்டு கிடக்கு. இத ஆர் எழுதின?"

சீனிப்பிள்ளை நான்கு அடி தள்ளி நின்றார். நான் எழுதினேன், அது அரிசிக்காக எழுதிய வயது என்று சொல்லியிருக்க வேண்டும். அவருடைய மனம் கணக்குப் போட்டது. பட்டியல் பொய் என்றால் அரிசி நின்றுவிடும். பொய்ப் பட்டியல் எழுதிய முகாமில் வேறு என்ன பொய் இருக்கும் என்று கேட்பார்கள். சொன்னாலும் விடுவார்களா? கணக்கு முடிவதற்குள் பையன்கள் வாசலைத் தாண்டியிருந்தார்கள். இருபத்தாறு பேரைக் கொண்டுபோனார்கள். அதில் அந்தப் பதினொரு பேரும் இருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு நான்கு பையன்களைத் திருப்பி அனுப்பினார்கள், பார்த்தாலே குழந்தை என்று தெரிந்த நான்கு பேர். யோகராசா உயரமானவன்.

புஸ்பம் அப்போது முகாமில் இல்லை. காய்ச்சல் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அதன் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அந்த நாட்களில் அவளுக்கு இதே அலைச்சல்தான், புதிய பட்டியலை அவள் வாசித்திருக்கவில்லை. திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நிவாரணக்காரனுகள்தான் வயசப் பிழையா எழுதிக் கொடுத்திருக்கானுகள்" என்றாள். சீனிப்பிள்ளை கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். அதைத் திருத்தாமல் உப்பை எடுத்துப் போட்டார். அன்றும் பத்தொன்பது பிள்ளைகள் இருந்தன.

அதற்குப் பிறகு அவர் அழுததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. தொண்ணூற்றிரண்டில் டிப்ளோமா மறுபடி தொடங்கியது. மாணவிகள் ஒன்பது பேர். அடுப்பு ஐந்தில் இரண்டு காணாமல் போயிருந்தது, தையல் மெசினில் ஒன்றுதான் மிச்சம். சீனிப்பிள்ளை இருந்ததை வைத்துப் படிப்பித்தார். மாறியது ஒன்றே ஒன்றுதான். கறிக்கு உப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடத் தொடங்கினார். மாணவிகள் அதை விஞ்ஞான முறை என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அவருக்கு உப்பும் புளியும் தெரிவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. நோய் வருத்தம் என்று சொல்லவும் முடியாது. வருத்தம் இருந்தால் எங்காவது நோகும். அவருக்கு எங்கும் நோகவில்லை. காலையில் எழுந்தார், படிப்பித்தார், சாப்பிட்டார், படுத்தார்.

புஸ்பம் மிச்சம் இருந்த எட்டு நாளையும் முடித்தாள். கெட்டிக்காரி, தொண்ணூற்று நான்கில் அவருக்கே உதவியாளராக வந்து சேர்ந்தாள். அவர் மேசைக்கு எதிர் மேசை. மத்தியானம் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சீனிப்பிள்ளைக்குத் தடிமன், சளி என்றால் அவள் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவருவாள். அந்தக் கோப்பையை வாங்கும்போது மட்டும் அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

தொண்ணூற்றாறில் காணாமல் போனவர்கள் பற்றி விசாரிக்க ஒரு அலுவலகம் திறந்தார்கள். புஸ்பம் தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் எதிர் மேசையில் இருந்து சொன்னாள்.

"படிவத்தில தம்பிக்குப் பதினெட்டு எண்டு போட்டிருக்கானுகள் மிஸ். பழைய நிவாரணப் பட்டியலப் பார்த்துத்தான் எழுதியிருக்கு. வளந்த ஆள் எண்டால் இயக்கத்துக்குப் போயிருப்பான் எண்டு கதைக்கிறானுகள். அம்மா விரலடையாளம் வைக்கமாட்டன் எண்டு நிண்டுட்டா."

"பிறப்புப் பத்திரம்?"

"வீட்டோட எரிஞ்சு போச்சே. அம்மாக்கு இப்ப நெஞ்சு வருத்தமும். அவன் பிள்ள எண்டு ஒரு கடதாசியில இருந்தாக் காணும், மறுகா நான் செத்தாலும் பரவாயில்ல எண்டுறா."

புஸ்பம் அழவில்லை. ஆறு வருடத்தில் அவளும் அதை எங்கோ விட்டுவிட்டாள். மாணவிகளின் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினாள்.

சீனிப்பிள்ளைக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பின்னறை அலுமாரியின் கீழ்த்தட்டில் எண்பத்தொன்பதாம் ஆண்டு நாட்புத்தகம் இருக்கிறது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தைக் காட்டினால் அடுத்த கேள்வியும் வரும். பதினான்கு எப்படி ஒரே வருடத்தில் பதினெட்டு ஆனது? நான்கு நாள் அவர் அந்த அறைப் பக்கம் போகவில்லை. எதிர் மேசையில் புஸ்பம் இருந்தாள். கொத்தமல்லித் தண்ணீர் வந்தது. ஐந்தாம் நாள் அலுமாரியைத் திறந்தார். கறையான் மேல்மட்டையைத் தின்றிருந்தது, உள்ளே எழுத்து அப்படியே இருந்தது. மிச்சம், இல்லை.

"புஸ்பம், சேலைய மாத்திக்கொண்டு வா. பட்டணம் போவம்."

விசாரணை அலுவலகத்தில் இருந்தவர் இராசதுரை என்ற வயதான உத்தியோகத்தர். நாள் முழுக்கத் தாய்மாருடைய கதையைக் கேட்டுக் கேட்டு அவர் முகமும் விறைத்துப் போயிருந்தது. நாட்புத்தகத்தை வாசித்தார், நிவாரணப் பட்டியலின் பிரதியைக் கோப்பில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது சரி எண்டால் அது பிழை. ஆர் பிழையா எழுதின எண்டு ஒரு ஆள் சொல்லணுமே அம்மா. சும்மா வெட்டி எழுத என்னால ஏலாது."

"நான்தான் எழுதினன்" என்றார் சீனிப்பிள்ளை.

இராசதுரை கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் இருந்த புஸ்பம் மேசையில் கிடந்த பட்டியலின் கையெழுத்தைக் குனிந்து பார்த்தாள். சீனிப்பிள்ளை கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் போல் முழுவதையும் ஒழுங்காகச் சொன்னார். முக்கால், ஒன்றேகால், அரை அலகு, பதினொரு பேர். பட்டியலை ஒட்டிய இடம். 'ஆர் எழுதின' என்று கேட்டபோது தான் நின்ற இடம். சொல்லி முடித்ததும் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதினார். திரும்பி வராத ஏழு பையன்களின் பெயரையும் உண்மையான வயதையும் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏழு பேருடைய வயதும் ஆறு வருடமாக அவருக்கு மனப்பாடம். இராசதுரை படிவத்தில் பதினெட்டை ஒரு கோட்டால் வெட்டி மேலே பதினைந்து என்று எழுதினார். "கொம்மாவக் கூட்டிக்கொண்டு வா புள்ள" என்றார்.

பஸ் நிலையத்து வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் நாட்புத்தகம் இருந்தது. எதிரே வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவனைப் புஸ்பம் நெடுநேரம் பார்த்தாள். வைதால் வையட்டும் என்று சீனிப்பிள்ளை காத்திருந்தார். அடித்தாலும் நல்லது, ஏதாவது நொந்தால் நல்லது.

"அந்தக் கூடின பங்காவது அவனுக்குக் கிடைச்சுதா மிஸ்?"

கிடைத்தது என்று சொல்லலாம். ஒன்பது நாளாவது வயிறு நிறையச் சாப்பிட்டான் என்று ஒரு தமக்கை நினைத்துக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை. சீனிப்பிள்ளைக்கு அந்தப் பொய் நாக்குவரை வந்தது.

"இல்ல. கஞ்சிக்குப் போனது. அவனுக்குக் கடைசிவரைக்கும் முக்கால்தான்."

புஸ்பம் தலையாட்டினாள். செங்கலடி பஸ் வந்து நின்றது, ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் எழும்பினாள், நாட்புத்தகத்தை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"சின்னதுகளுக்கு முதல் எண்டு நீங்கதானே படிப்பிச்சீங்க" என்றாள்.

"ஓம்."

"அவனும் சின்னவன்தானே மிஸ்."

அவள் முன்கதவால் ஏறினாள். சீனிப்பிள்ளை பின்கதவால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு செங்கலடி வரை நின்றபடியே போனார்.